ஸ்மித் என்று ஒரு பெயர்

கதை எழுதுகிறவனுக்கு முதல் தொல்லை பெயர். கதை பிடிபட்டுவிடும், மனிதர்கள் கண்முன் நடமாடத் தொடங்கிவிடுவார்கள், அவர்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதில் இரண்டு நாள் ஓடிவிடும். எடுப்பான பெயராக வைத்தால் பாத்திரம் அந்தப் பெயருக்கு அடியில் நசுங்கிப் போகிறது. தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயரை வைத்தாலோ, "ஏன் சார், வேறு பெயரே அகப்படவில்லையா?" என்று கேட்கிறார்கள். இந்தச் சங்கடத்தை ஆங்கில நாவலாசிரியர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. அதற்காக அந்த மொழியின் மிகச் சாதாரணமான பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டு, நான் படிக்கிற நாவல்களில் அது எங்கே வருகிறது, எப்படி வருகிறது என்று சில காலமாகக் கவனித்து வருகிறேன். அந்தப் பெயர் ஸ்மித்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குடும்பப் பெயர்களில் முதலிடம் இதற்குத்தான். பொருள் நமக்கெல்லாம் தெரிந்ததே: கொல்லன். பழைய ஆங்கிலத்தில் உலோகத்தை அடித்து வேலை செய்கிற எவனுக்கும் இந்தச் சொல் பொருந்தும். ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டிலிருந்து 14ஆம் நூற்றாண்டுக்குள், இங்கிலாந்தில் தகப்பன் பெயரும் ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் கெட்டிப்பட்டுப் பரம்பரைப் பெயர்களாக மாறின. அப்போது கொல்லன் பட்டறையில் பிறந்தவன் ஸ்மித் ஆனான். அவன் பேரன் பட்டறையை மூடிவிட்டு ரொட்டிக்கடை வைத்தபோதும் ஸ்மித்தாகவே இருந்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கொல்லர்களைவிட உழவர்கள் பல மடங்கு அதிகம். அப்படியிருக்க உழவன் என்ற பெயர் ஏன் முதலிடத்துக்கு வரவில்லை? யோசித்தால் காரணம் எளிது. பெயர் என்பது ஒருவனை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்காக. ஊர் முழுதும் ஏர் பிடிக்கும்போது "உழவன் ஜான்" என்றால் எந்த ஜான் என்று தெரியாது. கொல்லன் ஊருக்கு ஒருவன். "கொல்லன் ஜான்" என்றால் போதும். ஊருக்கு ஒருவனாக இருந்ததால் வைத்த பெயர், எல்லா ஊரிலும் ஒருவன் இருந்ததால் தேசம் முழுதும் நிறைந்துவிட்டது. தனித்துக் காட்டுவதற்காகப் பிறந்த சொல்லே கடைசியில் யாரையும் தனித்துக் காட்டாத சொல்லாகிப் போயிற்று. ஐரோப்பா முழுவதும் இதே கதைதான். ஜெர்மனியின் ஷ்மிட், ஹங்கேரியின் கோவாச், போலந்தின் கோவால்ஸ்கி, ரஷ்யாவின் குஸ்நெத்சோவ், பிரான்ஸின் லெஃபேவ்ர் எல்லாரும் கொல்லர் பரம்பரைதான். பந்தயக் கார்களின் ஃபெராரிகூட அந்த வகைதான்.

சாதாரணப் பெயருக்கு முதல் உபயோகம், ஒளிந்துகொள்வது. 1848இல் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப் புரட்சிக்கு அஞ்சிப் பாரிஸை விட்டு ஓடி, கடலைக் கடந்து இங்கிலாந்தின் நியூஹேவன் துறையில் வந்து இறங்கினார். மிஸ்டர் ஸ்மித் என்ற பெயரில்தான் இறங்கினார். நேற்றுவரை சிம்மாசனத்தில் இருந்தவருக்கு, உலகத்தில் யாருமாக இல்லாமல் இருக்க வேண்டிய அவசியம் வந்ததும் தோன்றிய பெயர் அது. ஹோட்டல் பதிவேட்டில் பொய்ப் பெயர் எழுத நேர்ந்தவர்கள் எல்லாரும் அவர் வழியையே பின்பற்றி வந்திருக்கிறார்கள்.

நாவலாசிரியர்களில் இந்தப் பெயரின் முழுச் சுவையையும் கண்டவர் ஜேன் ஆஸ்டின் என்பது என் அபிப்பிராயம். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இதில் ஒவ்வொரு துண்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்டின் எழுதி முடித்த நாவல்கள் ஆறு. அவற்றில் நான்கில் ஸ்மித்துகள் வருகிறார்கள். "சென்ஸ் அண்ட் சென்ஸிபிலிடி"யில் (1811) ஆலன்ஹாம் மாளிகையின் கிழவி ஒரு மிஸஸ் ஸ்மித். அழகன் வில்லோபி அவள் சொத்தை நம்பி வாழ்கிறான். அவள் வெகுண்டு கையை விரித்ததும் காதலித்த பெண்ணை விட்டுவிட்டுப் பணக்காரியைத் தேடிப் போகிறான். "மான்ஸ்ஃபீல்ட் பார்க்"கில் (1814) தோட்டத்தைச் சீர்திருத்திய சிநேகிதனாக ஒரு ஸ்மித் பேச்சில் மட்டும் தலைகாட்டுகிறான். அவனை விட்டுவிடலாம். மற்ற இரண்டு பேரை விட முடியாது.

முதலாவது, "எம்மா"வில் (1815) வரும் ஹாரியட் ஸ்மித். பள்ளிக்கூடம் நடத்தும் அம்மாளின் வீட்டில் தங்கி வளர்கிற பெண். யாரோ ஒருவருக்கு முறைகேடாகப் பிறந்தவள். தகப்பன் பெயர் யாருக்கும் தெரியாது. அந்த இடத்தில் ஆஸ்டின் ஸ்மித் என்று எழுதுகிறார். லூயி பிலிப் போட்டுக்கொண்ட அதே முக்காடுதான். ஆனால் நாவலாசிரியை அதோடு நிற்கவில்லை. ஸ்மித் என்ற பெயர் ஒரு வெற்றுத்தாள். அதில் எம்மா தன் கற்பனையை எழுதத் தொடங்குகிறாள். இந்தப் பெண்ணின் தகப்பன் கட்டாயம் ஒரு கனவானாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளே முடிவு கட்டிவிடுகிறாள். அதை நம்பி, ஹாரியட்டை உள்ளன்போடு கேட்ட ராபர்ட் மார்ட்டின் என்ற நல்ல குடியானவனை வேண்டாம் என்று சொல்ல வைக்கிறாள். அவளுக்கு வெவ்வேறு இடங்களில் ஆசை காட்டி, அந்தப் பேதைப் பெண்ணின் மனத்தைப் பல மாதங்கள் அலைக்கழிக்கிறாள். கடைசியில் தகப்பன் ஒரு வியாபாரி என்று தெரிகிறது. அவன் பெயரை ஆஸ்டின் அப்போதும் சொல்வதில்லை. ஹாரியட் ராபர்ட்டையே மணக்கிறாள். பேரில்லாப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஜாதியில் உயர்ந்தவர்கள் எளியவர்களின் வாழ்க்கையில் எப்படி விளையாடுகிறார்கள் என்பதை ஒரு முழு நாவலாக எழுதிவிட்டார் அந்த அம்மாள்.

இரண்டாவது, "பெர்சுவேஷ"னின் மிஸஸ் ஸ்மித். இந்த நாவல் ஆஸ்டின் இறந்த பிறகு, 1817 டிசம்பரில் வெளிவந்தது. கதாநாயகி ஆனின் தகப்பனார் சர் வால்டர் எலியட், பிரபுக்குடும்பங்களின் வம்சாவளிப் புத்தகம் ஒன்றைத் தவிர வேறு எதையும் கையில் எடுக்காத மனிதர். அதிலும் தம் குடும்பம் அச்சாகியிருக்கிற பக்கத்தில்தான் அவருக்கு இன்பம். பாத் நகரத்தில் ஆன், தன் பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியைத் தேடிப் போய்ப் பார்க்கிறாள். அவள் இப்போது விதவை. வாத நோயில் கால் முடங்கியவள். வெஸ்ட்கேட் பில்டிங்ஸ் என்ற மட்டமான இடத்தில் இரண்டு அறைகளில் குடியிருக்கிறாள். சர் வால்டருக்கு அவள் ஏழ்மைகூட அவ்வளவு பெரிய குற்றமாகப் படவில்லை. பெயர்தான் தாங்க முடியவில்லை. உறவுக்காரச் சீமாட்டியின் அழைப்பைத் தள்ளிவிட்டு, தெருவில் திரும்பினால் இடிபடுகிற ஒரு மிஸஸ் ஸ்மித்தைப் பார்க்கப் போவதா என்று அவர் அங்கலாய்க்கும் இடம், நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று. ஏனென்றால் அதே அறையில் மிஸஸ் கிளே என்ற இன்னொரு ஏழை விதவை உட்கார்ந்திருக்கிறாள். அவள் பெயரின் பொருள் களிமண். அவள் அவருக்கே வலை வீசிக்கொண்டிருப்பவள். அந்தப் பெயர் மட்டும் சர் வால்டரின் காதைக் குத்துவதில்லை! ஆனுக்குப் பதில் சொல்ல நாக்கு துடிக்கிறது. தகப்பனார் என்பதால் பேசாமல் இருந்துவிடுகிறாள்.

வாசகர்களில் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுகிற ஒரு நுட்பம் இங்கே இருக்கிறது. இந்த மிஸஸ் ஸ்மித் கல்யாணத்துக்கு முன்னால் மிஸ் ஹாமில்டன். ஹாமில்டன், ஸ்காட்லாந்தில் ஒரு டியூக் வம்சத்தின் பெயர். அந்தப் பெயரோடு இருந்திருந்தால் சர் வால்டர் தாமே வண்டி கட்டி அனுப்பியிருப்பார். பெண்ணுக்கு மட்டும் நடுவழியில் மாறுகிற பெயரை நம்பி மனிதரை மதிப்பிடுவது எவ்வளவு அசட்டுத்தனம் என்பதை ஆஸ்டின் எங்கும் விளக்கவில்லை. "மிஸ் ஹாமில்டன், இப்போது மிஸஸ் ஸ்மித்" என்ற அளவில் போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். பிறகு, எலியட் குடும்பத்தின் வாரிசான கனவான் எப்பேர்ப்பட்ட போக்கிரி என்ற உண்மையை ஆனிடம் எடுத்துச் சொல்வதும் இந்த மிஸஸ் ஸ்மித்தான். அவளிடமும் குறை இல்லாமலில்லை. அவனை ஆன் மணக்கப் போகிறாள் என்று எண்ணியிருக்கும்வரை, தன் காரியம் ஆக வேண்டுமே என்று வாயைத் திறக்காமல் இருக்கிறாள். இதற்காக ஆஸ்டினைக் குறை சொல்லும் விமரிசகர்கள் உண்டு. எனக்கோ, இந்தச் சின்னச் சுயநலம் இருப்பதனால்தான் அவள் மனுஷியாக நிற்கிறாள் என்று படுகிறது. ஏழை என்றால் உத்தமியாக இருந்தே தீர வேண்டும் என்று சட்டமா என்ன?

டிக்கன்ஸிடம் வரலாம். பெயர் வைப்பதில் அவர் ராஜா. கிராட்கிரைண்ட், பெக்ஸ்னிஃப், மர்ட்ஸ்டன் என்று, சொல்லும்போதே பல்லைக் கடிக்க வைக்கிற பெயர்கள்! இப்படிப்பட்டவர் ஸ்மித்தை என்ன செய்தார்? இளமையில் எழுதி 1834இல் வெளியான "ஹொரேஷியோ ஸ்பார்க்கின்ஸ்" என்ற கதையில் ஒரு மர்மமான வாலிபன் வருகிறான். தத்துவம் பேசுகிறான்; பெருமூச்சு விடுகிறான். பெண் வைத்திருக்கும் ஒரு குடும்பம், இவன் மாறுவேஷத்தில் திரியும் பிரபுவாக இருக்கலாம் என்று விழுந்து விழுந்து உபசரிக்கிறது. பிறகு ஒரு நாள் மலிவு ஜவுளிக்கடைக்குத் துணி வாங்கப் போனால், அங்கே கடைச் சிப்பந்தியாக அதே வாலிபன் நிற்கிறான். உண்மைப் பெயர் சாமுவேல் ஸ்மித்! கதையின் வெடிச்சிரிப்பே அந்தப் பெயரில்தான். எழுதும்போது டிக்கன்ஸுக்கு 22 வயதுகூட நிரம்பியிருந்ததா என்பது சந்தேகம், ஆகவே மன்னித்துவிடலாம். ஆனால் சர் வால்டர் எலியட்டின் காதும் அந்தக் கதையின் காதும் ஒன்றுதான் என்பதை மறைக்க முடியாது. ஸ்மித் என்றால் இறக்கம்.

இதே டிக்கன்ஸ் 26 ஆண்டுகள் கழித்து "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" எழுதத் தொடங்கினார் (1860-61). அதில் வரும் ஜோ, அசல் கொல்லன். உலைக்களமும் துருத்தியும் சம்மட்டியுமாக வாழ்கிறவன். ஆங்கில நாவல்களில் இவ்வளவு நல்ல மனிதனை நான் அதிகம் சந்தித்ததில்லை. அவனுக்கு ஸ்மித் என்று பெயர் வைத்திருக்கலாம், இயற்கையாகவும் இருந்திருக்கும். டிக்கன்ஸ் வைக்கவில்லை. கார்ஜரி என்று, தொண்டையில் உருள்கிற ஒரு பெயரைக் கொடுத்தார். தொழிலே கொல்லுத் தொழில் என்றான பிறகு பெயரிலும் அது எதற்கு என்று நினைத்தார் போலும். ஜோ, லண்டனில் கனவானாகிவிட்ட பிப்பைப் பார்க்க வருகிறான். தன் கையால் வளர்த்த பையனை "சார்" என்று அழைக்கிறான். தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கணப்பு மாடத்தின் விளிம்பில் வைக்க, அது விழுந்துகொண்டே இருக்கிறது. இவன் பிடித்துக்கொண்டே இருக்கிறான். படிக்கிறவனுக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே வெட்கமும் வருகிறது. விடைபெறும்போது ஜோ பேசுகிறான். வாழ்வில் பிரிவுகள் காய்ச்சி அடித்த இரும்பு போல ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன என்றும், இரும்பில் வேலை செய்கிறவன், தகரத்தில் வேலை செய்கிறவன், பொன்னில், செம்பில் வேலை செய்கிறவன் என்று மனிதர்கள் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டியிருக்கிறது என்றும் அவன் சொல்வதாகக் கருத்து. ஆங்கிலத்தில் இந்த நால்வர் பெயரும் "ஸ்மித்" என்றே முடியும். அந்த ஓசை அடுத்தடுத்துச் சம்மட்டி அடி மாதிரி விழுகிறது. இளமையில் கேலிக்கு உபயோகித்த சொல்லை, பெயராக இல்லாமல் தொழிலாகவே எடுத்து, இந்தப் பாமரன் வாயில் வைத்து எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்! கல்லூரியில் நான் இருந்த இரண்டே வருஷத்தில் இந்த நாவலின் சுருக்கப் பதிப்பைத்தான் படிக்க வாய்த்தது. சுருக்கியவர் இந்தப் பேச்சை வெட்டியிருந்தார். சுருக்கப் பதிப்புகளைப் பற்றி என் கருத்தைத் தனியாக ஒரு கட்டுரையில்தான் சொல்ல வேண்டும்.

செஸ்டர்டன் 1905இல் ஒரு வாதம் கிளப்பினார். ஸ்மித் என்ற பெயர் சாதாரணமே இல்லை. நெருப்பையும் இரும்பையும் அடக்கியாண்ட தொழிலின் பெயர். அவ்வளவு கவித்துவமான பெயரைத் தாங்குவதே ஒருவனுக்குப் பெரும் பொறுப்பு என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அகராதியில் இருக்கிற நெருப்பு காதில் சுடுவதில்லை. "மிஸ்டர் ஸ்மித்" என்றால் எந்த ஆங்கிலேயனுக்கும் உலைக்களம் நினைவுக்கு வராது. பக்கத்து வீட்டுக்காரன்தான் நினைவுக்கு வருவான். நாவலாசிரியனுக்கு வேண்டியது அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்.

உட்ஹவுஸின் வழி வேறு. 1909இல் புத்தகமாக வந்த "மைக்" நாவலில் ஒரு பள்ளிக்கூடப் பையன், உலகத்தில் ஸ்மித்துகள் ஏராளமாகிவிட்டார்கள் என்று சொல்லித் தன் பெயருக்கு முன்னால் ஒரு "பி" சேர்த்துக்கொள்கிறான். அந்த எழுத்தை உச்சரிக்கக் கூடாது! எழுத்தில் மட்டும் புது வம்சம். பேச்சில் பழைய ஸ்மித்தேதான். இதை எப்படித் தமிழில் எழுதுவது? "ப்ஸ்மித்" என்று எழுதினால் வாசகர் "ப்"பைச் சொல்லியே தீருவார். நம் எழுத்தில் ஊமை எழுத்துக்கு இடமில்லை. ஆகவே இந்த ஒரு ஹாஸ்யத்தை மொழிபெயர்ப்பாளர் கை கழுவ வேண்டியதுதான்.

விளையாட்டை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு யுத்தங்களுக்குப் பிறகு ஸ்மித் என்ற பெயருக்கு ஒரு புது உத்தியோகம் கிடைத்தது: "சாமானிய மனிதன்." வர்ஜீனியா உல்ஃபின் "மிஸஸ் டாலவே"யில் (1925) செப்டிமஸ் வாரன் ஸ்மித் வருகிறான். முதல் உலக யுத்தத்தில் போரிட்டவன். சிநேகிதன் எவான்ஸ் சாகக் கண்டவன். புத்தி கலங்கி, வைத்தியர்கள் கையில் அகப்பட்டு, கடைசியில் ஜன்னல் வழியே குதித்துச் சாகிறான். லண்டன் இப்படி எத்தனையோ ஸ்மித் வாலிபர்களை விழுங்கிவிட்டது என்றும், மகனைத் தனித்துக் காட்டத்தான் பெற்றோர் செப்டிமஸ் போன்ற விசித்திர முதற்பெயர்களை வைக்கிறார்கள் என்றும் உல்ஃப் ஓர் இடத்தில் சொல்லிப் போகிறார். கூர்மையான கவனிப்பு. நம் காலத்து நாவலாசிரியை ஸேடி ஸ்மித், 14 வயதில் தம் முதற்பெயரின் முதல் எழுத்தைத் தாமே மாற்றிக்கொண்டவர் என்பது இதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஸ்மித்தை அசைக்க முடியாது. முன்னால் இருப்பதில்தான் கைவைக்கலாம்.

ஆனாலும் உல்ஃபின் அந்த வாக்கியத்தில் எனக்கு ஓர் உறுத்தல். சமூகத்தின் மேல்மாடியிலிருந்து கீழே பார்த்து, அதோ கூட்டம், அதில் எல்லாரும் ஸ்மித்துகள் என்று சொல்கிற தொனி அதில் கலந்திருக்கிறது. ஆஸ்டின் அப்படிச் சொல்லியிருந்தால் சர் வால்டரின் வாயில் வைத்துச் சொல்லியிருப்பார். செப்டிமஸின் பயங்கரத்தையும், இத்தாலியிலிருந்து வந்து தனியே தவிக்கிற அவன் மனைவியையும் உல்ஃப் எழுதியிருக்கும் பக்கங்கள் அற்புதமானவை. அங்கெல்லாம் அவன் சாமானியனும் இல்லை, ஸ்மித்தும் இல்லை, செப்டிமஸ் மட்டுமே.

ஆர்வெலின் "1984" (வெளிவந்தது 1949) கதாநாயகனான வின்ஸ்டன் ஸ்மித்தைப் பற்றி எல்லாரும் ஒரே மாதிரி எழுதிவிட்டார்கள்: சர்ச்சிலின் வீரமும் தெரு மனிதனின் எளிமையும் சேர்ந்த பெயர் என்று. சரி, இருக்கட்டும். அப்படிப் பார்த்தால் அது ஒரு விளம்பரப் பலகை. நம் பக்கத்திலும் "சாமானியனைப் பற்றி எழுதுங்கள்" என்று கதாசிரியனுக்கு ஓயாமல் உபதேசம் நடக்கிறது. எழுதி வைத்தால், அவனுக்கு வயிற்றுவலி உண்டா, பக்கத்து வீட்டான்மீது பொறாமை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. ஆர்வெலைக் காப்பாற்றுவது அந்தப் பெயரின் தத்துவம் அல்ல; வின்ஸ்டனின் கணுக்காலுக்கு மேலே இருக்கிற அரிக்கும் புண்தான். 39 வயது மனிதன் அந்தப் புண்ணோடு மாடிப்படி ஏறுகிறான் என்று படித்த அந்தக் கணத்தில் பலகை விழுந்து மனிதன் வந்துவிடுகிறான்.

அந்த நாவலில் பெயர் வேறொரு வேலையும் செய்கிறது. அதை யாராவது விரிவாக எழுதியிருந்தால் நான் பார்த்ததில்லை. ஆங்கிலேயரிடையே ஒருவரை எந்தப் பெயரால் கூப்பிடுகிறோம் என்பதில் அந்தஸ்து முழுதும் அடங்கிக் கிடந்தது. நைட்லி என்ற கனவானை, மிஸ்டர் போடாமல் வெறும் "நைட்லி" என்று மிஸஸ் எல்ட்டன் சொன்னதற்காக எம்மா எப்படிக் கொதிக்கிறாள்! பட்டாளத்திலும் பள்ளியிலும் சிறையிலும் மொட்டைக் குடும்பப் பெயர்தான் அழைப்பு. வின்ஸ்டனைச் சுவரிலுள்ள தொலைத்திரை "6079 ஸ்மித் டபிள்யூ" என்று அதட்டுகிறது. எண்ணுக்கும் முதலெழுத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஸ்மித்தும் ஓர் எண்ணாகவே ஆகிவிடுகிறது. காதலி ஜூலியா அவனை வின்ஸ்டன் என்கிறாள். பிறகு சித்திரவதை அறையில் ஓப்ரையனும் வின்ஸ்டன் என்கிறான். தகப்பன் கூப்பிடுகிற மாதிரி, அவ்வளவு பரிவோடு! அந்த அறையில் எலிகளைவிட என்னை நடுங்க வைத்தது இந்த அழைப்புத்தான்.

1950இல் பாரிஸில் அரங்கேறிய அயனெஸ்கோவின் "வழுக்கைத் தலைப் பாடகி" நாடகத்தில் ஒரு மிஸ்டர் ஸ்மித், ஒரு மிஸஸ் ஸ்மித். வெளிநாட்டார் ஆங்கிலம் கற்கும் பாடப்புத்தகத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள். என்ன சாப்பிட்டோம், எங்கே குடியிருக்கிறோம் என்று தெரிந்ததையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். விருந்துக்கு வருகிற தம்பதி மார்ட்டின்கள். ஹாரியட் ஸ்மித் மணந்த குடியானவனும் மார்ட்டின்தான் என்பது தற்செயலாக இருக்கும். நாடகம் சிரிக்க வைக்கிறது. ஆனால் ஸ்மித்தை இதற்குமேல் உருவிக் காலி செய்ய முடியாது.

கடைசியாக, 1959இல் ஆலன் சில்லிட்டோ எழுதிய நெடுங்கதை, "நெடுந்தூர ஓட்டக்காரனின் தனிமை". ரொட்டிக்கடையில் பணம் திருடி, அதை மழைநீர்க் குழாயில் ஒளித்துவைத்து, மழை பெய்து நோட்டுகள் போலீஸ்காரன் காலடியிலேயே வழிந்து வந்ததால் பிடிபட்ட பையன். சீர்திருத்தப் பள்ளியின் தலைவர், கோப்பை ஜெயிக்கும் ஆசையில் அவனை ஓட விடுகிறார். "ஸ்மித்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் கதையை அவனே சொல்வதால் நமக்கும் ஸ்மித் என்றே அறிமுகம். எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்து, எல்லைக் கயிற்றுக்குச் சற்று இப்பால் வேண்டுமென்றே நின்றுவிடுகிறான். தலைவர் கனவான்களுக்கு நடுவில் முகம் வெளிறி உட்கார்ந்திருக்கிறார். பின்னால் வந்தவன் இவனைத் தாண்டிப் போகிறான். 1962இல் இந்தக் கதை படமானபோது சில்லிட்டோவே திரைக்கதை எழுதினார். அதில் பையனுக்குக் காலின் என்ற முதற்பெயர் உண்டு. திரையில் தாயாரும் காதலியும் கூப்பிட அது தேவைப்பட்டிருக்கும். கதையைப் படிக்கும்போது எனக்கு அது தேவைப்படவில்லை. அவன் காலைப் பனியில் தனியே ஓடும்போது அவனைக் கூப்பிடுகிறவர்கள் யாரும் அங்கே இல்லை.